பாத்தி கட்டிய மரங்கள்

நீலத் தொட்டியில் தண்ணீரை நிறைத்து, சிவனேஸ்வரி செஸ்நட் கொட்டைகளை அதற்குள் கவிழ்க்கிறாள். நல்லவை அடியில் போய் உட்கார்ந்துவிடும். பூச்சி தின்றதும் பூஞ்சணம் பிடித்ததும் மேலே வரும். "வந்திட்டார் கள்ளர்," என்று அதைப் பொறுக்கி எறிவாள். இருபது மிதந்தால் இருபது தரமும் சொல்வாள்.

முன்பு இந்த வேலை கராஜுக்குள் நடந்தது. போன ஜூலையில் கணவர் விக்னராஜாவுக்குப் பாரிசவாதம் வந்து இடப்பக்கம் விழுந்தபிறகு, செவன் ஹில்ஸ் வீட்டின் முன்னறையில், அவருடைய கதிரையடியில் பழைய துவாயை விரித்துச் செய்கிறாள். கொட்டை தண்ணீரில் விழுவதை அவர் பார்க்கவேண்டுமாம்.

அவளுக்கு வயது அறுபத்திரண்டு. முதியோர் இல்லமொன்றின் குசினியில் பத்தொன்பது வருடம் சமைத்தவள். கொட்டையை மூடிய முள்ளுக்கோதைப் பிரிக்க வலது கைக்கு மட்டும் தடித்த தோல் கையுறை போடுவாள். மற்றக் கை கொட்டையைத் தடவிப் பார்க்கவேண்டும் என்பது அவளுடைய நியாயம். அதனால் சித்திரை முழுக்க இடது விரல்களில் முள் இருக்கும். செஸ்நட்டை வெள்ளைக்காரர்போலச் சுடமாட்டாள். தேங்காய்ப்பால் விட்டுப் பலாக்கொட்டைக் கறிபோல வைத்து, ஐஸ்கிரீம் டப்பாவில் கோயிலுக்குக் கொண்டுபோவாள். இதென்ன என்று கேட்டால், "பலாக்கொட்டையின்ரை வெள்ளைக்கார மச்சாள்," என்பாள்.

மரங்கள் அவர் நட்டவை. பஸ் ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில், இரண்டு மணி நேரம் தள்ளி மலைச்சரிவில் ஒரு காணி வாங்கி, நாற்பத்தெட்டுக் கன்று வைத்தார். ஊரில், கோண்டாவிலில், வாழைக்குத் தண்ணீர் இறைத்த கை சும்மா இருக்கவில்லை. ஒவ்வொரு மரத்தையும் சுற்றி வரம்புயர்த்தி வட்டமாகப் பாத்தி கட்டினார். தன்பாட்டில் சரிவால் ஓடிப்போகும் மழைத்தண்ணீரை மறித்துவைத்தார். வேரில் தண்ணீர் நின்றால் இந்த மரம் செத்துப்போகும் என்று பக்கத்துக் காணிக்காரன் ரோக்கோ வேலிக்கு அந்தப் பக்கம் நின்று சொன்னான். "தண்ணி குடிக்காமல் மரம் காய்க்குமோ? இவனுக்கென்ன விளங்கும்," என்று தமிழில் சொல்லிவிட்டு, விக்னராஜா அவனுக்கு ஆங்கிலத்தில் நன்றி சொன்னார்.

வறண்ட வருடங்களில் அவர் சொன்னதுதான் சரிபோல இருந்தது. பிறகு மூன்று கோடை விடாமல் மழை. பாத்திகளுக்குள் கிழமைக்கணக்காகத் தண்ணீர் நின்றது. அவர் படுத்தபிறகு வந்த வசந்தத்தில் அவள் தனியே போய்ப் பார்த்தபோது, உச்சிக் கிளைகள் தளிர்க்கவேயில்லை. ரோக்கோ பேனாக்கத்தியால் அடிப்பட்டையைச் சீவிக் காட்டினான். உள்ளே மை ஊற்றியதுபோலக் கறுப்பு. வேரழுகல். மண்வெட்டியை எடுத்து அவ்வளவு பாத்தியின் வரம்பையும் அவளே வெட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டாள். பிந்திவிட்டது. இப்போது காய்ப்பவை ஆறு மரங்கள்.

வீட்டுக்கு வந்து, "எல்லாம் நல்லாய் நிக்குது," என்றாள். வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரியில் பழக்கிவிட்டபடி அவர் இடது கையால் நாளெல்லாம் ஒரு ரப்பர் பந்தை நசுக்குவதே, அடுத்த வருடம் தானே போய்ப் பொறுக்கலாம் என்ற எண்ணத்தில்தான். அதைத் தெரிந்துகொண்டு எந்த வாயால் சொல்வது?

"அம்மா, ஜஸ்ட் டெல் ஹிம்," என்கிறாள் மெல்பேர்னிலிருந்து மகள் மயூரா.

"நீ வந்து சொல்லன் பாப்பம்." போனை வைத்துவிடுவாள்.

இந்தச் சனிக்கிழமை ஆறு மரமும் சேர்ந்து ஒரு வாளியை நிரப்பவில்லை. ரோக்கோவிடம் இரண்டு வாளி கேட்டு வாங்கிக் கலந்துகொண்டு வந்தாள்.

"இந்தமுறை பெரிசு," என்றார் விக்னராஜா. வாய் இன்னும் ஒரு பக்கம் இழுபடும்.

"மழைதானே. ஊதிப்போட்டுது."

அவர் வலது கையைத் தொட்டிக்குள் விட்டு ஒன்றை எடுத்தார். பெருவிரலால் அதன் முதுகைத் தடவினார். இன்னொன்றை எடுத்தார். இரண்டையும் மடியில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதிலை கோடு கிடக்குது. எங்கட கொட்டைக்கு ஏதப்பா கோடு?"

அவள் மிதந்த ஒன்றைப் பொறுக்கினாள். கள்ளர் என்று சொல்லவில்லை.

"சிவனேசு, எத்தினை மரம் நிக்குது?"

துவாயின் நுனியில் அவள் கையைத் துடைத்தாள். துடைத்த கையையே திரும்பவும் துடைத்தாள்.

"பாத்தியளை வெட்டிவிட்டனீரோ?" என்றார் அவர், மெதுவாக.

அவள் எழும்பினாள். "தேத்தண்ணி வைக்கட்டே?"

அவர் இடது கையிலிருந்த பந்தை வலது கையால் பிடுங்கியெடுத்து, யன்னல் விளிம்பில் வைத்தார். முகம் யன்னல் பக்கமே இருந்தது.

"சீனி போடட்டே இண்டைக்கு?"

மிதந்த கொட்டையைக் கைக்குள் பொத்தியபடி அவள் குசினிக்குப் போனாள்.