நாலாயிரத்தில் ஒரு குழி

வேலுமணியின் ஸ்பீக்கர் கடைச் சுவரில் இரண்டு சட்டங்கள் தொங்கின. ஒன்றில் அவன் கோவையில் படித்து வாங்கிய பி.எஸ்ஸி. பட்டம். சாமளாபுரத்தில் தறி ஓட்டிய அவன் குடும்பத்தில் அதற்கு முன் எட்டாவதைத் தாண்டியவர் கிடையாது. மற்றதில் ஒரு கிராஃப் தாள். அதில் ஓடிய கோடு ஓரிடத்தில் மட்டும் கிணறு போல இறங்கியிருக்கும். கீழே சிவப்பு மையில், 'மாரப்பன் பெட்டி. 4000-இல் குழி.'

1972-ஆம் வருடம். திருப்பூர் பனியன் கம்பெனிக்காரர்கள் வீட்டில் ஸ்டீரியோ செட் வைக்கத் தொடங்கியிருந்தார்கள். வேலுமணி ஸ்பீக்கர் வாங்கி வருவான். மண்ணரை ஆசாரி மாரப்பன் தேக்கில் பெட்டி செய்வார். எந்த ஸ்பீக்கரும் எல்லாச் சுருதியையும் ஒரே அளவில் பாடாது. ஒன்றில் கத்தும், ஒன்றை விழுங்கும். அதைச் சமப்படுத்துவதுதான் வேலுமணியின் பெருமை. ஆசிலேட்டர் என்ற கருவியால் அடிச்சுருதி முதல் கீச்சுக் குரல் வரை ஒவ்வொன்றாக ஒலிக்கவிட்டு, கண்ணை மூடிக் கேட்டு, தாளில் புள்ளி வைப்பான். அளந்து காட்டும் மைக் அவனிடம் இல்லை. காதுதான் மீட்டர்.

விநாடிக்கு நாலாயிரம் அதிர்வு என்ற இடத்தில் ஒலி காணாமல் போவதை அந்த மீட்டர்தான் கண்டுபிடித்தது. கடையில் நாலு பேர் இருக்கும்போதே மாரப்பனிடம் சொன்னான்.

"பத்து வருசம் காயவெச்ச மரமுங்க சார்."

"நான் சொல்லலீங்க மாரப்பண்ணா. சயின்ஸ் சொல்லுது. உங்க பெட்டி அந்தச் சத்தத்தத் தின்னுருது."

ஸ்பீக்கர் வாங்க வந்திருந்த பனியன் கம்பெனி ஈஸ்வரமூர்த்தி சிரித்தார். "ஏம்ப்பா மாரப்பா, பாட்டத் திங்கற பெட்டிய எங்கூட்டுல வெச்சா, நாளைக்குச் சோறும் கேக்குமப்பா!"

எல்லோரும் சிரித்தார்கள். வேலுமணியும்தான். அதன் பிறகு மாரப்பனிடம் யாரும் பெட்டி கேட்கவில்லை.

கோவையிலிருந்து வந்த புதுப் பெட்டியிலும் அதே இடத்தில் அதே குழி இருந்தது. வேலுமணி அன்றைக்கே நின்று யோசித்திருக்க வேண்டும். ஆசாரிகள் எல்லோரும் ஒரே மாதிரிதான் என்று முடிவுகட்டிவிட்டு, நாலாயிரத்தை மட்டும் தூக்கிக் கொடுக்கும்படி கம்பிச்சுருளும் கண்டென்சரும் வைத்து ஒரு சர்க்யூட் செய்தான். ஏற்கெனவே விற்ற பெட்டிகளுக்கும் வீடு வீடாகப் போய் மாட்டினான். "சலங்கைச் சத்தம் இப்பத்தானுங்க காதுல உழுகுது" என்று தறிக்காரர்கள் கொண்டாடினார்கள்.

தாராபுரத்து விவசாயி லிங்கசாமி மட்டும், சர்க்யூட் மாட்டியதிலிருந்து பாட்டு காதைக் குத்துகிறது என்று கடிதம் போட்டார். அவர் வீட்டில் இருந்தது மாரப்பன் கடைசியாகச் செய்த ஜோடி.

வேலுமணி ஆசிலேட்டரோடு பஸ் ஏறினான். லிங்கசாமி வீட்டுக் கூடத்தில் முள்ளை நாலாயிரத்துக்குத் திருப்பினான். மெலிதாகத்தான் கேட்டது. இன்னும் கூட்டினான். உள்ளேயிருந்து லிங்கசாமியின் மனைவி குழந்தையம்மாள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு ஓடி வந்தார்.

"நிறுத்துங்க தம்பி! ஊசி வெச்சுக் குத்தற மாதிரி இருக்குதுங்க!"

"சத்தம் கொஞ்சந்தானுங்களே அக்கா?"

கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். லிங்கசாமி மெதுவாகக் கேட்டார். "தம்பி, உங்களுக்குச் சரியாக் கேக்கலீங்களா?"

வேலுமணி ஆசிலேட்டரை அணைத்தான். சாமளாபுரத்து வீட்டில் நாலு விசைத்தறிகள். அவற்றின் பக்கத்தில் படுத்துத் தூங்கி, அவற்றின் பக்கத்தில் உட்கார்ந்துதான் அவன் பரீட்சைக்குப் படித்தான். சலங்கைச் சத்தத்தைப் புகழ்ந்தவர்களும் தறியடியில் வளர்ந்தவர்களே. குழி பெட்டியில் இல்லை; தறிச் சத்தம் தின்ற காதில்.

சர்க்யூட்டைக் கழற்றிவிட்டு ரிக்கார்டு வைத்தான். நாதசுரம் கூடம் நிறைய வந்தது என்பதை அவர்கள் முகத்தில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டான்.

"பெட்டி செஞ்ச ஆசாரி யாருங்க? நல்ல கையுங்க" என்றார் லிங்கசாமி.

வேலுமணி கழற்றிய சர்க்யூட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு பஸ் நேரம் கேட்டான்.

மறுநாள் மண்ணரைக்குப் போனான். மாரப்பன் பனியன் கட்டு அனுப்பும் மட்டப் பலகைப் பெட்டிக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தார். வேலுமணி நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். சுத்தியல் நின்றது.

"ஒரு பெட்டிய ஒடச்சே பாத்தேனுங்க சார்" என்றார் மாரப்பன். "பசையா, மூட்டான்னு தேடுனேன். ஒண்ணும் தெரியல. படிச்சவரு சொல்றாரு, நம்ம கையிலதான் கோளாறுன்னு மிச்சத் தேக்க வித்துப்போட்டேன்."

"தப்புப் பண்ணிட்டேனுங்க அண்ணா."

"எங்கிட்டச் சொல்லி என்னாவுதுங்க? நாலு பேரு சிரிச்ச எடத்துல சொல்லுங்க."

காது போனவன் என்று தெரிந்தால் ஸ்பீக்கர் சமப்படுத்த யார் தன்னிடம் வருவார்கள்? திரும்பும் வழி முழுக்க அந்த எண்ணம்தான். வேறு சாக்குச் சொல்லித் தாளை மட்டும் கழற்றிவிடலாமா என்றுகூட நினைத்தான். நினைத்ததற்காகவும் கூசினான்.

சனிக்கிழமை கடையில் கூட்டம். ஈஸ்வரமூர்த்தி சுவரைப் பார்த்துவிட்டுக் கேட்டார். "ஏனுங்க வேலுமணி, மாரப்பன் பேர அடிச்சுட்டு என்னமோ எழுதியிருக்கறீங்க?"

சிவப்பு மையில் 'வேலுமணி காது. 4000-இல் குழி' என்றிருந்தது.

"காதுக்கு எதுக்குங்க விளம்பரம்?" என்று யாரோ சொல்ல, சிரிப்பு எழுந்தது. இந்த முறை வேலுமணி சிரிக்கவில்லை. "அன்னிக்கு மாரப்பண்ணனப் பத்திச் சொன்னது பொய்யாப் போச்சுங்க" என்று தொடங்கினான். தறிச் சத்தத்தில் காது போனதுவரை சொல்லி முடித்தான். முன்பணம் கொடுக்க வந்திருந்த ஒருவர் பணத்தைச் சட்டைப்பைக்குள் திரும்ப வைத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

வேலுமணி ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு ஈஸ்வரமூர்த்தியைப் பார்த்தான்.

"மொதல்ல உங்கூட்டுக்கு வர்றேனுங்க. அந்தச் சர்க்யூட்டக் கழட்டோணும். நல்ல காது இருக்கறவங்களுக்கு அது ஊசியாட்டக் குத்துமுங்க."

"கழட்டுனா, தறியடியில வளர்ந்த எனக்கு மந்தமால்ல கேக்கும்?"

"ஆமாங்க. எனக்கும்தானுங்க."