கேட்டில் நின்ற தாளம்

ஆவடி தாண்டி ரயில்வே கேட் மூடியிருக்கிறது. ஸ்கூட்டியில் எனக்கு முன்னால் நிற்கும் என் ஆறு வயது மகள் நிலாவுக்காக, வழியெல்லாம் "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு" என்று உரக்க எண்ணிக்கொண்டே வந்திருக்கிறேன். இன்றைய வகுப்பிலும் அவள் கையில் தாளம் பிடிபட்டு நிற்காவிட்டால் அடுத்த வருடம் சேர்த்துக்கொள்ளலாம் என்று பாட்டு டீச்சர் சொல்லியிருக்கிறார்.

பக்கத்து வேனில் கல்யாண பேண்டுக்காரர்கள் இருவர் நிலாவுக்கும் தெரிந்த ஒரு சினிமாப் பாட்டுக்கு டிரம் தட்டிப் பழகுகிறார்கள். சரக்கு ரயிலின் இரைச்சல் வந்ததும் கைகளைத் தூக்கிவிடுகிறார்கள். அது அடங்கியதும், ஒருவரையொருவர் பார்க்காமலே ஒன்றாக அடிக்கிறார்கள். எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது.

"எப்படிண்ணா? மனசுக்குள்ள எண்ணுவீங்களா?"

"எண்ணுனா ரயிலு நம்மள இட்டுகினு பூடும்க்கா. பாட்டு உள்ள ஓடிகினே கீது. கைதான் சும்மா கீது."

"நல்லவேள, உள்ள பாடறான். வெளிய பாடுனா கல்யாணமே நின்னுபூடும்," என்கிறார் மற்றவர்.

எதிர்த்திசையில் இன்னொரு ரயில் வருகிறது. கைகள் மறுபடி நிற்கின்றன. நான் விரல்விட்டு எண்ணுகிறேன். நிலாவின் உதடுகள் மட்டும் அசைகின்றன. இரைச்சல் அடங்கி டிரம்மில் முதல் அடி விழும்போது என் விரல் இன்னும் மூன்றில்தான் இருக்கிறது. அவள் குதிகால் டிரம்மோடு சேர்ந்து விழுகிறது. தற்செயலாகவும் இருக்கலாம்.

கேட் ஏறுகிறது. வண்டியைக் கிளப்பியதும், பழக்கத்தில் "ஒண்ணு" என்கிறேன்.

"அம்மா, நீ எண்ணாத. எனக்குப் பாட்டு கேக்கமாட்டேங்குது."