இருபத்துமூன்றாம் இலக்கக் கதவு

பொகவந்தலாவைப் பக்கத்தில் என் அக்கா வாழ்க்கைப்பட்ட தேயிலைத் தோட்டத்தில் கடிதம் வீடு தேடி வந்ததில்லை. எல்லாம் ஒரே கட்டாக ஆபீசுக்கு வரும். மாலையில் கொழுந்து நிறுக்கும் இடத்தில் ஒருவர் பெயர்களைக் கூப்பிடுவார். கேட்டவர் கைநீட்டி வாங்கிக்கொள்வார். உறையில் பெயர், பிரிவு, தோட்டம், தபாலகம் என்று நான்கு வரிகள் இருக்கும். வரிசை வீடுகளில் எந்த லயம், எந்தக் கதவு என்று எழுத வழியில்லை. கதவுகளுக்கு இலக்கம் கிடையாது.

அங்கே கீழ்ப்பிரிவில் உயர்தரம் சித்தியடைந்த ஒரு பெண் இருந்தாள். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்கு விண்ணப்பித்திருந்தாள். அவளுடைய பெயரிலேயே அந்தப் பிரிவில் இன்னும் மூன்று பேர். நேர்முகப் பரீட்சைக்கு அழைக்கும் கடிதம் வந்தபோது, கொழும்பில் வேலைக்குப் போயிருந்த, அதே பெயருள்ள வேறொருத்தியின் அம்மா அதை வாங்கிப்போய், மகள் வந்து பிரிக்கட்டும் என்று சாமி படத்துக்குப் பின்னால் பத்திரமாக வைத்தார். மகள் தீபாவளிக்கு வந்து பிரித்தாள். பரீட்சை முடிந்து ஐந்து வாரம் ஆகியிருந்தது. யார்மீதும் கோபப்பட முடியாத நஷ்டம் அது. அடுத்த வாரத்திலிருந்து அந்தப் பெண் கொழுந்து பறிக்க மலை ஏறினாள். வயதெல்லைக்குள் அவளால் இன்னும் ஒரே ஒரு தடவைதான் விண்ணப்பிக்க முடியும்.

அதற்கு அடுத்த ஜனவரியில் அயர்லாந்திலிருந்து இரண்டு பட்டதாரிகள் வந்து இறங்கினார்கள். ஒரு பெண், ஓர் ஆண். பல்கலைக்கழகத்தை விட்டு ஆறு மாதம்கூட ஆகவில்லை. ஒரு வருடம் தொண்டு செய்ய வந்தவர்கள். அவள் புவியியல், அவன் சமூகவியல். நான் அப்போது ஹட்டனிலிருந்து பத்திரிகைக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தேன். வாரத்தில் இரண்டு நாள் அவர்களுக்கு மொழிபெயர்க்க ஒப்புக்கொண்டேன். இப்படி வந்தவர்களைப் பற்றி முன்பும் எழுதியிருக்கிறேன். பெரும்பாலும் ஒரு குழுப் படத்தோடு முடிந்துவிடும் செய்திகள்.

இவர்கள் முதல் மூன்று மாதம் எதையும் தொடங்கவில்லை. நடந்தார்கள், கேட்டார்கள், எழுதினார்கள். தோட்டத்துப் பழைய குவாட்டர்ஸில் தங்கி, பொதுப் பீலியில் வரிசையில் நின்று தண்ணீர் பிடித்தார்கள். அவன் தன் உடுப்பைத் தானே துவைப்பதைப் பார்க்கவே முதல் வாரம் கூட்டம் கூடியது. "சேர், காலர்ல அழுக்கு போகல, இன்னும் ரெண்டு அடி அடிங்க!" என்று ஒரு அம்மா சொல்ல, அவன் சிரிக்காமல் இன்னும் இரண்டு அடி அடித்தான். இருவருக்கும் தமிழ் சொல்லிக்கொடுத்தவர் யாழ்ப்பாணத்துக்காரர். அயர்லாந்துப் பெண் யாரைக் கண்டாலும் "வாங்கோ, இருங்கோ" என்பாள். "மிஸ்ஸுக்கு யாழ்ப்பாணத்துல மாப்பிள்ளை பாத்திருக்காங்களா?" என்று பறிக்கிற பெண்கள் கேலி செய்வார்கள். அவள் அந்தக் கேலியையும் நோட்டில் எழுதிக்கொண்டு அர்த்தம் கேட்பாள்.

தொலைந்த கடிதத்தின் கதையை அவர்களிடம் சொன்னது அந்தக் கொழும்புக்காரியின் அம்மாதான். சொல்லும்போது அழுதார். அதற்குப் பிறகு இருவரும் வேறு எதைப் பற்றியும் பேசவில்லை. தன் கிராமத்திலும் வீடுகளுக்கு இலக்கம் இல்லை, தபால்காரருக்கு எல்லோரையும் தெரியும் என்று அவள் சொன்னாள். "இங்க நாலு பேருக்கு ஒரே பேர். தபால்காரர் என்ன செய்வார்?" என்றாள், உடைந்த தமிழில்.

அவன் ஒவ்வொரு லயமாக வரைபடம் போட்டான். இலக்கம் இடத் தோட்ட மேலாளரான துரையிடம் அனுமதி வாங்கினார்கள். பஜார் தபாலகத்துக்கு நான்கு தடவை போனார்கள். கதவில் இலக்கம் இருந்தால் வீடுவரை கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று தபாலதிபர் நான்காவது தடவை சிங்களத்தில் சொன்னார். ஆகஸ்டில் கீழ்ப்பிரிவின் எல்லாக் கதவுகளிலும் வெள்ளைப் பெயின்றில் இலக்கம் ஏறியது. ஒன்று முதல் அறுபத்திரண்டு வரை. அந்தப் பெண்ணின் கதவு இருபத்துமூன்று. செப்டெம்பரில் அவள் தன் கடைசி விண்ணப்பத்தில் முதல் தடவையாக ஐந்து வரியில் முகவரி எழுதினாள்.

ஒக்டோபரில் இருவரும் பத்து நாள் பயிற்சிக்காகக் கண்டிக்குப் போனார்கள். திரும்பி வந்தபோது நானும் கூட இருந்தேன். தீபாவளிக்கு நான்கு நாள் இருந்தது. லயம் முழுக்கப் புதுச் சுண்ணாம்பு வாசனை. கதவுகள் பச்சை, நீலம், சிவப்பு என்று பளபளத்தன. ஓர் இலக்கம்கூட இல்லை.

தீபாவளிக்கு வெள்ளையடித்துக் கதவுக்குப் பெயின்ற் பூசாத வீடு தோட்டத்தில் இல்லை. அது எனக்கும் தெரியும். ஆகஸ்டில் இலக்கம் போடும்போது தூரிகையைப் பிடித்துக்கொடுத்தவனே நான்தான். எனக்கும் தோன்றவில்லை. தோன்றியவர்களும், அந்த இருவரின் மனம் நோகும் என்று சொல்லாமல் விட்டிருந்தார்கள்.

அயர்லாந்துப் பெண் கீழ்ப்பிரிவின் மூன்று லயங்களையும் நடந்து பார்த்தாள். என் அக்கா வீட்டுப் படியில் உட்கார்ந்தாள். ஒரு நிமிடம் போல முகத்தை மூடிக்கொண்டாள். பிறகு சிரிக்கத் தொடங்கினாள். அவனும் சிரித்தான். நோட்டை எடுத்து அவள் எழுதிய வரியை எனக்குக் காட்டினாள்: வீடுகளைப் பற்றி எல்லாம் கேட்டோம், எப்போது பெயின்ற் அடிப்பீர்கள் என்று கேட்கவில்லை.

இருபத்துமூன்றாம் இலக்கக்காரி மட்டும் சிரிக்கவில்லை. அவளே தன் அம்மாவோடு சேர்ந்து கதவுக்கு நீலம் பூசியிருந்தாள். காய்ந்ததும் இலக்கத்தை எழுதிவிடலாம் என்று நினைத்திருந்தாள். "இப்ப என் வீட்ல மட்டும் நம்பர் இருந்தா, முன்னப் பின்ன ஒன்னும் இல்லாம தபால்காரரு எப்படிண்ணே கண்டுபுடிப்பாரு? கடுதாசி எந்த நாளும் வரலாம்" என்று என்னிடம் கேட்டாள்.

அன்று மாலையே பட்டதாரிகள் இருவரும் எல்லோரையும் கூப்பிட்டார்கள். இந்தத் தடவை தூரிகையைத் தாங்கள் எடுக்கவில்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் மிச்சமிருந்த பெயின்றில் கொஞ்சம் கொடுத்து, உங்கள் இலக்கத்தை உங்கள் கையாலேயே, சுண்ணாம்பும் பூச்சும் படாத இடத்தில் எழுதுங்கள் என்றார்கள். சிலர் நிலைக்கு மேலே மரச்சட்டத்தில் எழுதினார்கள். கோணல் மாணலாக இருந்தது. ஆனால் அழிக்க மனம் வராத எழுத்து.

அப்போதுதான் என் மச்சான் ஆட்சேபத்தோடு கிளம்பினார். அவருக்கு வந்தது எட்டு.

"எட்டு வேணாம். அது வந்ததுலருந்து எனக்கு முட்டி வலி."

"அதுக்கு முன்னால ஒன் முட்டி ஓட்டப்பந்தயமா ஓடுனுச்சு?" என்றாள் அக்கா.

"நீ சும்மா இரு. எனக்கு ஒன்பதப் போடு. மத்தவங்க ஒன்னொன்னா நகந்துக்கட்டும்."

ஒன்பதுக்காரருக்குப் பத்து பிடித்திருந்தது. பத்துக்காரருக்கும் ஆட்சேபம் இல்லை. கூட்டம் அப்படியே நகரத் தயாராகிவிட்டது. அப்போது பின்னாலிருந்து அந்தப் பெண் முன்னால் வந்தாள். பெரியவர்கள் நடுவில் அவள் குரல் உயர்த்தி அன்றுதான் கேட்டேன்.

"மாமா, எல்லாரும் நகந்தா நான் இருபத்திநாலு ஆயிருவேன். நான் எழுதிக் குடுத்தது இருபத்திமூனு. போன தடவதான் போச்சு. இதையும் நீங்க போக வச்சிராதீங்க."

மச்சானால் அதை மறுக்க முடியவில்லை. இறங்கிவரவும் முடியவில்லை. அவருக்கு எட்டு என்பது விளையாட்டு இல்லை. இரண்டு பட்டதாரிகளும் என்னைப் பார்த்தார்கள், நான் மொழிபெயர்த்தேன். அயர்லாந்துப் பெண் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவன் அவள் முழங்கையைத் தொட்டான். இருவரும் பேசாமல் நின்றார்கள். இருபத்திரண்டு வயதில், ஒரு வருட வேலை கைநழுவும் நேரத்தில், வாயை மூடிக்கொண்டு நிற்பது சின்ன விஷயமில்லை. இத்தனை வருடப் பத்திரிகை வேலையில் நான் பார்த்த அதிகாரிகள் பலருக்கு அது வந்ததில்லை.

ஏழாம் இலக்க வீட்டு அம்மாதான் முடித்துவைத்தார். "அண்ணே, எங்க ஏழுல ஒரு துண்டு எடுத்துக்கங்க. நாங்க வெறும் ஏழு, நீங்க ஏழு 'அ'. எட்டே இல்லாமப் போகட்டும். யாரும் நகர வேணாம்."

"வாடகை கேக்க மாட்டியே?" என்றார் மச்சான்.

"கறி சமைச்சா ஒரு கோப்பை அனுப்புங்க, போதும்."

இன்றுவரை அந்தப் பிரிவில் எட்டாம் இலக்கம் இல்லை.

நவம்பர் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை. நான் மதியத்துக்கு மேல் போனேன். லயத்தில் ஆள் இல்லை, எல்லோரும் மலையில். இருபத்துமூன்றாம் வீட்டுப் படியில் அந்த அயர்லாந்துப் பெண் கையில் ஒரு குச்சியோடு உட்கார்ந்திருந்தாள். பூட்டிய கதவின் கீழே ஒரு பழுப்பு உறை பாதி உள்ளே, பாதி வெளியே. பன்னிரண்டு மணிக்குத் தபால்காரர் செருகிவிட்டுப் போனாராம். பக்கத்து வீட்டு ஆடு இரண்டு தடவை வந்து முகர்ந்ததாம்.

"மலைக்குக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கலாமே?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன். அரை மணி நேர ஏற்றம்தான்.

அவள் யோசித்துத் தமிழிலேயே சொன்னாள். "கடிதம் அவவின்ர கதவுக்கு வந்தது. அவதான் எடுக்கவேணும்." உள்ளே தள்ளிவிடவும் இல்லை. உறையில் அவள் கை படவே இல்லை. ஐந்து மணிவரை ஆட்டை விரட்டிக்கொண்டு அங்கேயே இருந்தாள். தூறலில் தலை நனைந்திருந்தது.

கொழுந்து நிறுத்துவிட்டு அந்தப் பெண் வந்தாள். உறையைக் கண்டதும் நின்றாள். கைகளை இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கில் துடைத்துவிட்டுக் குனிந்து எடுத்தாள். நின்றபடியே இரண்டு தடவை படித்தாள். "இன்னும் ஒம்போது நாள் இருக்கு" என்றாள். வெளிநாட்டுக்காரி கட்டிப்பிடிக்கப் போய், கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். பிறகு இந்தப் பெண்ணே ஒரு எட்டு முன்னால் வந்து அவள் தோளில் நெற்றியை வைத்தாள்.

அவர்கள் இருவரும் ஜனவரியில் ஊர் திரும்பினார்கள். அந்தப் பெண் தெரிவானது அதற்குப் பின்புதான் தெரியவந்தது. இப்போது கல்லூரியில் இரண்டாம் வருடம். ஆனால் நான் நினைத்துக்கொள்வது கடிதம் வந்த மறுநாள் காலையை. அக்கா வீட்டில் தங்கிவிட்டு, விடிந்ததும், வேலைக்கு ஆட்கள் கூடும் பெரட்டுக் களத்தைத் தாண்டித்தான் பஸ்ஸுக்குப் போனேன். கணக்கப்பிள்ளை ஆள் பிரித்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண் வரிசையில் நின்றபடி சொன்னாள்.

"வர்ற வாரம் வியாழக்கெழம நான் வரமாட்டேங்க."

"ஏன், கல்யாணமா?"

"இண்டர்வியூ."

கணக்கப்பிள்ளை பேனாவை நிறுத்தி அவளை நிமிர்ந்து பார்த்தார். "அப்ப புதன்கெழமையும் வராத. தூங்கி எந்திரிச்சுப் போ" என்று சொல்லிவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.