சொக்கெட் பிழையும் மாமியின் மீன் ஆணமும்

கலியாணம் முடிந்து, சாய்ந்தமருதில் மனைவியின் வீட்டுக்கு நான் குடிவந்த புதிது. காலையில் மனைவி படிப்பிக்கப் பாடசாலைக்குப் போய்விடுவாள். மாமா கல்முனையில் கடைக்குப் போய்விடுவார். கொழும்புக் கம்பனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே புரோகிராம் எழுதும் நானும், குசினியில் சமைக்கும் மாமியும்தான் மிச்சம். மாமிக்கு என்னோடு நேரில் கதைக்கக் கூச்சம். தேத்தண்ணியை அறை வாசல் மேசையில் வைத்து, கோப்பையில் கரண்டியால் தட்டிவிட்டுப் போய்விடுவார்.

அந்தக் கிழமைதான் பழைய லெப்டொப்பில் இருந்த வேலை முழுவதையும் புதியதற்கு மாற்றியிருந்தேன். விண்டோஸுக்குள் யூனிக்ஸ் புரோகிராம்களை ஓடவைக்கும் சிக்வினில்தான் என் வேலை. ஒன்றோடொன்று இணைய வேண்டிய இரண்டு புரோகிராம்களில் ஒன்று, இந்த முகவரியில் ஏற்கெனவே ஆள் இருக்கிறது என்று சொல்லி நின்றுவிட்டது. மற்றது, அதே முகவரியில் இணைப்பை ஏற்க ஆளில்லை என்றது. ஃபயர்வோலை நிறுத்திப் பார்த்தேன். சிக்வினை அழித்துத் திரும்பப் போட்டேன். பிழை அசையவில்லை. பகல் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பினேன். அடுத்த நாளும் அப்படித்தான்.

மூன்றாம் நாள் மாமி அறை வாசலில் வந்து நின்றார். முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டு, நிலத்தைப் பார்த்தபடி கேட்டார்.

"மகன், ஆணத்துல ஏதும் கொறயா? மனசுல வெச்சிக்காமச் செல்லுங்க."

நான் சோற்றைப் பாதியில் விட்டு எழும்பியதைக் கண்டு, பாவம், தன் குழம்பில் குற்றம் தேடியிருக்கிறார்.

"அப்பிடி ஒண்டுமில்ல மாமி. இதுக்குள்ள ரெண்டு புரோகிராம் ஒண்டோட ஒண்டு கதைக்குதில்ல. அதான்."

அவர் நம்பினாரோ என்னவோ, கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். அந்த இரண்டும் எங்கே என்று கேட்டார். காட்டுவதற்காகக் கோப்புகளை வரிசையாகத் திறந்தபோதுதான், இரண்டு புரோகிராம்களும் சந்திக்கும் இடத்தைக் குறித்துவைக்கும் சொக்கெட் கோப்பின் திகதி கண்ணில் பட்டது. கலியாணத்துக்கு முந்திய திகதி. மற்றவற்றோடு சேர்ந்து பழைய லெப்டொப்பிலிருந்து வந்திருக்கிறது. அது கிடந்ததால்தான் முதல் புரோகிராம் ஆள் இருப்பதாக நினைத்தது. அது காட்டிய இடத்தில் உண்மையில் யாருமில்லை. அழித்துவிட்டு இரண்டையும் ஓடவிட்டேன். திரையில் வரிகள் இறங்கத் தொடங்கின.

"இப்ப கதைக்குதா?" என்றார்.

"ஓம் மாமி."

"அப்ப எழும்பி வாங்க. சோறு ஆறுது."

அன்று பாரைமீன் ஆணம். முதல் தடவையாக எதிரே இருந்து பரிமாறினார். ஊரில் என் உம்மா மீன் ஆணத்துக்கு என்ன போடுவார் என்று விசாரித்தார். மாங்காய் என்றேன். மாமியின் ஆணத்தில் அது இல்லையே, குறை சொன்னதாகிவிடுமோ என்று பயந்து, இதுவும் நல்ல ருசி என்று அவசரமாகச் சேர்த்தேன். மாமி வாய்விட்டுச் சிரித்தார். அந்த வீட்டில் அவர் சிரித்து நான் முதலில் கேட்டது அன்றுதான்.