கார் து நோரில் காவல் நின்ற பிள்ளை

எங்கள் மகள் பிரெஞ்சு இராணுவத்தில் சேரப் போவதாகச் சொன்ன ஞாயிற்றுக்கிழமை, மனைவி நண்டுக் குழம்பு வைத்திருந்தாள். மூன்று பேருடைய கையும் குழம்பில் இருந்த நேரம். மகள் நண்டுக் கால் ஒன்றை உடைத்துக்கொண்டே, ஏதோ மெட்ரோவில் ஒரு ஸ்டேசன் தள்ளி இறங்கப் போவதைச் சொல்வது போல, பிரெஞ்சில் சொன்னாள்: "நான் ரிசர்வில் பதிந்துவிட்டேன்."

மனைவிக்குத் தெரிந்த 'ரிசர்வ்' உணவகத்தில் மேசை பிடிப்பது.

"எந்த ரெஸ்ரோரண்டிலை?" என்று சந்தோசமாகக் கேட்டாள்.

மகள் தமிழுக்கு மாறினாள். முக்கியமான விசயம் என்றால்தான் அவள் தமிழுக்கு மாறுவாள். "மேசை இல்லையம்மா. ஆமி."

நானும் மனைவியும் ஆமிக்குப் பயந்து ஊரை விட்டவர்கள். எங்கள் காலத்து யாழ்ப்பாணத்தில் சீருடை போட்டவர்கள் பல வகை. எல்லா வகைக்கும் நான் ஒழுங்காகப் பயந்திருக்கிறேன். பாரிசுக்கு வந்து, அகதி அட்டை எடுத்து, பிறகு குடியுரிமை எடுத்து, மார்க்ஸ் டோர்மோய் பகுதியில் லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் வாடகை வீடு எடுத்து, பிள்ளையைப் பெற்றுப் படிப்பித்து, அவளுக்குக் காப்புறுதிக் கம்பனி ஒன்றில் கதிரையில் இருந்து பார்க்கிற வேலையும் கிடைத்த பிறகு, அவள் தானாகவே நடந்து போய் ஆமியில் பெயர் கொடுத்திருக்கிறாள்.

"கொப்பர் ஆமியைக் கண்டு ஓடி வந்தவர். நீ ஆமியைத் தேடி ஓடுறியோ?" என்றாள் மனைவி.

"அது வேற ஆமி."

"ஆமியிலை என்ன வேற? சப்பாத்துச் சத்தம் எல்லாம் ஒண்டுதான்."

மகள் என்னைப் பார்த்துப் பிரெஞ்சில் விளக்கினாள். வேலையை விடத் தேவையில்லை. வருடத்தில் சில கிழமைகள் மட்டும் சீருடை போட்டால் போதும். இதெல்லாம் 2025 வசந்த காலத்தில் நடந்தது. தொலைக்காட்சியைப் போட்டால் ஒரே கதை: அமெரிக்கா இனி ஐரோப்பாவைக் காப்பாற்ற வருமா, வராதா? "எங்கள் ஆட்கள் எல்லோரும் அமெரிக்கா வரும் என்று நம்பியே வளர்ந்தவர்கள், அப்பா. இனி வருமா என்று ஒருவருக்கும் தெரியாது. வராவிட்டால் யாராவது நிற்கத்தானே வேண்டும்?"

அவள் 'எங்கள் ஆட்கள்' என்று சொன்னது பிரெஞ்சுக்காரரை. அதை நான் விளங்கிக்கொள்வதற்குள் மனைவி முந்திவிட்டாள். பிரெஞ்சு விளங்காது என்று வரி அலுவலகத்தில் சாதிக்கிறவளுக்கு, தேவையான நேரத்தில் முழுவதும் விளங்கும்.

"அந்த யாராவது ஏன் என்ரை பிள்ளையா இருக்கோணும்?"

அன்று மிஞ்சிய நண்டை நான் இரண்டு நாள் தனியே சாப்பிட்டேன்.

மனதில் பாரம் என்றால் நான் போவது, தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் ஒரு பலசரக்குக் கடைக்கு. முதலாளி என்னைவிட மூத்தவர். அண்ணை என்று கூப்பிடுவேன். கிழங்குப் பெட்டிகளுக்கும் அரிசி மூட்டைகளுக்கும் நடுவில் நின்றுகொண்டு அவர் உலகத்தை நடத்துகிறவர். ஐரோப்பாவுக்குச் சொந்தமாக ஒரு பெரிய ஆமி வேண்டும் என்று அந்தக் குளிர்காலம் முழுவதும் வாடிக்கையாளருக்குக் கத்தரிக்காய் நிறுத்துக்கொண்டே சொல்லி வந்தார்.

"அமெரிக்கன் போனாப் போகட்டும். இஞ்சை காசு இருக்கு, மூளை இருக்கு, தொழிற்சாலை இருக்கு. ஆக்கள்தான் இல்லை. இஞ்சத்தைப் பெடியள் துவக்குப் பிடிக்க வராதுகள்."

"என்ரை மகள் சேர்ந்திட்டாள், அண்ணை."

அவர் தராசிலிருந்து கையை எடுத்தார். "என்னத்திலை?"

"ஆமியிலை."

"உமக்கென்ன விசரே? பொம்பிளைப் பிள்ளையை ஆமிக்கு விடுறதோ?"

"ஆக்கள் இல்லையெண்டு நீங்கள்தானே சொன்னீங்கள்."

"நான் சொன்னது பொதுவா."

"அப்ப உங்கடை மகனை விடலாமே?"

"அவனுக்கு முதுகு வருத்தம்" என்றார் அண்ணை. அந்த மகன் அப்போது கடை வாசலில் ஒரு அரிசி மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு இன்னொரு மூட்டையைக் கையால் இழுத்துக்கொண்டிருந்தான்.

மனைவியின் நம்பிக்கை முழுவதும் மருத்துவப் பரிசோதனையில் இருந்தது. மகளுக்குச் சின்ன வயதிலிருந்தே கண்ணாடி. அன்னாசி சாப்பிட்டால் உடம்பு தடிக்கும். காலும் கொஞ்சம் தட்டை. "உந்தக் காலோடை ஒருத்தனும் எடுக்கமாட்டான்" என்று என்னை ஆறுதல்படுத்தினாள். பரிசோதனைக்கு முதல் வெள்ளிக்கிழமை பிள்ளையார் கோயிலுக்குப் போய், மகள் தோற்க வேண்டும் என்று தேங்காய் உடைத்தாள். அதே வெள்ளிக்கிழமை மகளும் வேலை முடிந்து நேரே அந்தக் கோயிலுக்கு வந்து, தான் எடுபட வேண்டும் என்று ஒரு தேங்காய் உடைத்தாள். வாசலில் இரண்டு பேரும் சந்தித்துக்கொண்டார்கள். நான் செருப்புகளைப் பார்த்துக்கொண்டு வெளியே நின்றேன்.

பிள்ளையார் மகள் பக்கம் நின்றுவிட்டார்.

கோடை தொடக்கத்தில் பயிற்சிக்காக எங்கோ நாட்டுப்புறத்து முகாம் ஒன்றுக்குக் கூட்டிப் போனார்கள். பகலில் கைத்தொலைபேசி கிடையாது. அந்த நாட்களில்தான் மனைவி பாதுகாப்பு நிபுணர் ஆனாள். போலந்து எங்கே, எஸ்தோனியா எங்கே, எந்த நாட்டுக்கு எத்தனை யுத்த தாங்கி வாங்குகிறார்கள் எல்லாம் அவளுக்குத் தெரியும். செய்தியில் கிழக்கு எல்லைக்குப் படை என்று ஒரு சொல் வந்தால் போதும், "பிள்ளையை ஏத்திப் போட்டாங்கள்" என்று எழும்பிவிடுவாள்.

"அவளுக்கு இன்னும் ஒழுங்கா நடக்கவே பழக்கேல்லை. எங்கை ஏத்துறது?" என்பேன்.

"ஆக்கள் இல்லாட்டி நடக்கத் தெரியாததையும் ஏத்துவாங்கள். நீங்கள் ஊரிலை காணேல்லையோ?"

நான் எழும்பித் தொலைக்காட்சியை நிறுத்தினேன்.

வெளியாருக்கு அவள் சொன்ன கதை வேறு. மகள் தோழிகளோடு ஸ்பெயினுக்கு வக்கான்ஸ் என்கிற விடுமுறைக்குப் போயிருக்கிறாள் என்று சொன்னாள். பாரிசுக்கு வெளியே பியர்ஃபித்தில் இருக்கிற என் தமக்கைக்கும் அதே ஸ்பெயின்தான். தமக்கைக்குத் தெரிந்தால் கனடா வரைக்கும் தெரிந்துவிடும்.

பயிற்சி முடிவில் பெற்றோரைக் கூப்பிட்டார்கள். ஒரு நண்பரின் காரை இரவல் வாங்கிக்கொண்டு போனோம். மனைவி மடியில் ஒரு பெரிய சட்டி நிறைய ஆட்டிறைச்சி ரோல்ஸ். முகாம் வாசலில் துவக்கோடு நின்ற ஒரு பிரெஞ்சுப் பொடியன் கையைக் காட்டி மறித்தான். என் மூளை பிரான்சில்தான் இருந்தது. உடம்பு ஊருக்குப் போய்விட்டது. காரை நிறுத்தி இறங்கினேன், அடையாள அட்டையை எடுத்து நெஞ்சுக்கு நேரே பிடித்தேன், மற்றக் கையைத் தூக்கினேன். பிறகு, அவன் ஒன்றுமே கேட்காமல், பின்பக்கம் போய் டிக்கியைத் திறந்தேன்.

"ஐயா, கையைக் கீழே விடுங்கள்" என்றான் அவன். முகம் சிவந்துவிட்டது. "நான் பொன்ஜூர் சொல்லத்தான் மறித்தேன். கார் நிறுத்துமிடம் இடது பக்கம்."

மனைவி கண்ணாடியை இறக்கி அவனுக்கு ஒரு ரோல்ஸ் நீட்டினாள். காவலில் இருக்கும்போது சாப்பிடக்கூடாது என்றான். "நீ சரியா மெலிஞ்சு போனாய்" என்று தமிழில் சொல்லி, கடதாசியில் சுற்றி, அவன் நின்ற காவல் கூட்டின் யன்னலில் வைத்துவிட்டு வந்தாள். அந்தப் பையனை அவள் அதற்கு முதல் ஒருநாளும் கண்டதில்லை.

மைதானத்தில் வரிசையாக நின்றவர்களில் எங்கள் பிள்ளையைக் கண்டுபிடிக்க நேரம் எடுத்தது. தொப்பியும் கண்ணாடியுமாக, நேரே பார்த்தபடி நின்றாள். வீட்டில் கூப்பிட்டால் ஒரு தரத்தில் திரும்பிப் பார்க்காதவள், ஒரு சத்தத்துக்கு உடம்பு முழுவதையும் திருப்பினாள். எனக்கு வந்தது பயமா பெருமையா என்று பிரித்தறிய முடியவில்லை.

நரைத்த மீசை வைத்த அதிகாரி ஒருவர் பேசினார். ஐரோப்பா தன் வீட்டைத் தானே காக்கப் பழக வேண்டிய காலம் வந்திருக்கிறது என்றார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, "உங்கள் பிள்ளைகளை எங்களுக்குத் தந்ததற்கு நன்றி" என்றார்.

மனைவி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "தந்ததோ? ஆர் தந்தது? திரும்பத் தருவினமோ எண்டு கேளுங்கோ."

"அது சும்மா சொல்லுறது."

"ஆமி ஒண்டும் சும்மா சொல்லாது. கேளுங்கோ."

நான் கேட்கவில்லை. விருந்து நேரத்தில் அவளே அந்த அதிகாரியிடம் சட்டியோடு போய், தன் பிரெஞ்சில், "என் மகளை எப்போது திருப்பித் தருவீர்கள்?" என்று கேட்டாள். அவர் வாயில் ரோல்ஸ். விழுங்கிவிட்டு மணிக்கூட்டைப் பார்த்தார். "இப்போதே கொண்டு போகலாம், மதாம். திங்கட்கிழமை அவளுக்கு அலுவலகம் இருக்கிறதாமே."

கார் பின் இருக்கையில் மகள் ஏறிய உடனேயே தூங்கிப்போனாள். பாரிசுக்குக் கிட்ட வந்து விழித்தபோது வாசலில் நடந்ததைச் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "அப்பா, நீங்கள் அங்கை ஆமியிட்டை ஒருநாளும் ஒரு கேள்வி கேட்டிருக்க மாட்டீங்கள், என்ன?" என்று தமிழில் கேட்டாள்.

"இல்லை."

"அம்மா இண்டைக்குக் கேட்டவ. அதுதான் வித்தியாசம்" என்று சொல்லிவிட்டுத் திரும்பவும் தூங்கிவிட்டாள். ஆனால் மகள் சீருடை போடப் போகிற நாட்களுக்கெல்லாம் வெளியாருக்குச் சொல்லும் ஸ்பெயின் கதையை மட்டும் மனைவி கைவிடவில்லை.

அதைக் கைவிட வைத்தது கார் து நோர் ரயில் நிலையம்.

இலையுதிர் காலத்தில் மகளுக்குக் கிடைத்த முதல் கடமை ரயில் நிலையங்களில் ரோந்து. பாரிசில் எத்தனையோ நிலையங்கள் இருக்க, தமிழ்ச் சனம் பையும் வண்டிலுமாக வந்து இறங்குகிற அந்த நிலையத்திலேயே அவளை நிறுத்தினார்கள். முதல் நாளே தமக்கையின் தொலைபேசி வந்தது.

"டேய், ஸ்பெயினிலை நிக்குற உன்ரை பிள்ளை இஞ்சை துவக்கோடை நிக்குது!"

மனைவி எழும்பிப் பிட்டு அவித்தாள். கத்தரிக்காய்க் குழம்பு, பொரித்த மீன், எல்லாவற்றையும் அடுக்குச் சட்டியில் போட்டு, கடைப் பையில் வைத்து, என்னையும் இழுத்துக்கொண்டு போனாள்.

மகள் இன்னும் மூன்று பேரோடு மெல்ல நடந்து வந்துகொண்டிருந்தாள். பக்கத்தால் போகும்போது மனைவி வேறெங்கோ பார்த்தபடி, "சாப்பிட்டியோ?" என்றாள்.

மகளும் வேறெங்கோ பார்த்தபடி, "நகருங்கள், மதாம்" என்றாள் பிரெஞ்சில்.

"மதாமோ! பெத்தவளைப் பாத்து மதாமோ!"

சாப்பாட்டைக் கையில் கொடுக்க வழியில்லை. அப்போது மனைவிக்கு ஒரு யோசனை வந்தது. பையை ஒரு தூணடியில் வைத்தாள். மகளுக்குக் கண்ணால் காட்டினாள். பிறகு ஒன்றும் தெரியாதவள் போல என்னைக் கூட்டிக்கொண்டு தள்ளிப் போய் நின்றாள்.

பாரிசில் இருக்கிற யாரிடமும் கேட்டுப் பாருங்கள், ரயில் நிலையத்தில் தனியே கிடக்கும் பை என்றால் என்ன நடக்கும் என்று. நான் வாயைத் திறப்பதற்குள் விசில் அடித்துவிட்டார்கள். நாடா கட்டினார்கள். சனத்தைப் பின்னுக்குத் தள்ளினார்கள். ஒலிபெருக்கி ஏதோ சொன்னது. என் மகள் அந்தப் பையைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள், கண்ணை மூடித் திறந்தாள். பிறகு தன் தலைவனிடம் போய் மெல்லச் சொன்னாள். அவன் எங்களுக்குக் கேட்கக்கூடியதாகவே கேட்டான்: "பிட்டு என்றால் என்ன?"

பொலிஸ்காரர் மனைவியைக் கூப்பிட்டுப் பையைத் திறக்கச் சொன்னார்கள். அவள் ஒவ்வொரு தட்டாகக் கழற்றிக் காட்டினாள். கத்தரிக்காய்க் குழம்பின் வாசம் நிலையம் முழுவதும் போனது. நாடாவுக்கு அந்தப் பக்கம் நின்ற தமிழ்ச் சனத்தில் யாரோ, "தேங்காய்ப் பால் விட்டுத்தான் வைச்சிருக்கிறா" என்றது எனக்குக் கேட்டது. சனத்துக்குள் பலசரக்குக் கடை அண்ணையும் நின்றார். கைத்தொலைபேசியில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

பொலிஸ்காரர் எச்சரித்து விட்டுவிட்டார்கள். ரோந்துத் தலைவன் மட்டும் மகளிடம், "இங்கே உன் உறவினர் எத்தனை பேர்?" என்று கேட்டானாம். "இந்தப் பக்கம் நிற்பவர்கள் எல்லோரும் என்று வைத்துக்கொள்ளுங்கள்" என்றாளாம்.

அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்தவள் சப்பாத்தைக் கழற்றி எறிந்துவிட்டுப் பிரெஞ்சில் கத்தினாள். மனைவி தமிழில் கத்தினாள். சண்டை நடந்துகொண்டிருக்கும்போதே மகள் அந்தப் பிட்டைச் சூடாக்கிச் சாப்பிட்டாள். குழம்பு முடிகிற நேரம் சண்டையும் முடிந்தது. மறுநாள் அண்ணையின் கடைக்குப் போனபோது, அவர் கிழங்குப் பெட்டியில் என்னை இருத்தி, "ஐரோப்பாவின்ரை நிலைமை என்ன மாதிரி? பிள்ளை ஏதும் சொன்னதோ?" என்று மரியாதையாகக் கேட்டார். எனக்கு ஒன்றும் தெரியாது. இருந்தாலும் கொஞ்ச நேரம் பேசினேன்.

இந்த வருடம் மகளின் பிரிவு ருமேனியாவில் ஒரு கூட்டுப் பயிற்சிக்குப் போகிறது. பல ஐரோப்பிய நாட்டுப் படைகள் வருகின்றன. மனைவி முதலில் அழுதாள். அடுத்த நாள் குளிருக்குத் தடித்த காலுறை வாங்கி வந்தாள். பிறகு, பழுதாகாத பண்டம் என்று பருத்தித்துறை வடை சுடுவதற்கு மாவை எடுத்து வைத்தாள்.

"அமெரிக்கரும் வருவினமோ?" என்று மகளிடம் கேட்டாள்.

"தெரியாதம்மா. இன்னும் முடிவு சொல்லேல்லை. வந்தாலும் வருவினம்."

"உவங்களோடை பெரிய கரைச்சல்" என்றாள் மனைவி, மாச் சட்டியைப் பார்த்துக்கொண்டு. "எத்தினை பேர் எண்டு தெரியாமல் நான் எப்பிடி மாக் குழைக்கிறது?"