அத்தை மனப்பாடம் செய்த எழுத்துகள்

மூன்றாம் வகுப்பு படிக்கும்போது அத்தைக்கு நான் ஓர் உதவி செய்தேன். செய்யாமல் இருந்திருக்கலாம்.

அத்தை அப்பாவின் தங்கை. மாடம்பாக்கத்தில் எங்கள் வீட்டில்தான் இருந்தாள். மாதக்கணக்கில் தலைவலி, பிறகு பார்வை மங்கத் தொடங்கியது. தலைக்குள் நீரின் அழுத்தம் ஏறிக் கண் நரம்பை நெரிக்கிறது என்று சொல்லி, நீர் வடிவதற்காக ஆபரேஷன் செய்து வலது கண்ணுக்குப் பின்னால் நரம்பின் உறையைக் கீறிவிட்டார்கள். அதற்குப் பிறகு அவளுக்கு எல்லாம் இரண்டு இரண்டாகத் தெரிந்தன. கண்பாப்பா விரிந்தபடியே நின்றது. போகப் போகச் சரியாகும் என்றார் டாக்டர். பார்வை மறுபடி குறைந்தால் மட்டும் தலையில் துளை போட்டு டியூப் வைக்க வேண்டுமாம். அதைக் கேட்டதிலிருந்து அத்தைக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த பரிசோதனைக்கு ஷேர் ஆட்டோ பிடித்துத் தாம்பரம் கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அம்மா டோக்கன் வாங்கப் போனதும் அத்தை என் காதருகே குனிந்தாள்.

"கண்ணு, வலது கண்ணுல ஒரே புகையா கீது. யார்கிட்டயும் சொல்லாத. உள்ள எழுத்து போர்டு ஒண்ணு மாட்டிருப்பாங்க, பாத்துகினு வந்து சொல்றியா?"

எனக்கு ஒரே குஷி. தண்ணீர் குடிக்கப் போவதுபோல மூன்று முறை உள்ளே போய்வந்தேன். மேலே பெரிய 'ப' முதல் கீழே பொடி எழுத்து வரை வரிவரியாகச் சொல்லிக்கொடுத்தேன். தப்பாகச் சொன்னால் டீச்சர் மாதிரி அதட்டவும் செய்தேன்.

இடது கண்ணை மூடியதும் அத்தை கடகடவென்று ஒப்பித்தாள். எழுத்தைத் தொட்டுக் காட்டும் கோல் போய்ச் சேருவதற்குள் பதில் வந்துவிட்டது. "சூப்பர்க்கா, நல்லா தெரியுது போலயே!" என்று சோதித்த பெண் எழுதிக்கொண்டாள். டாக்டரும் சீட்டைப் பார்த்துவிட்டு ஒரு மாதம் கழித்து வரச் சொன்னார். வெளியே வந்ததும் அத்தை எனக்குக் கோன் ஐஸ் வாங்கிக் கொடுத்தாள்.

அந்த மாதத்துக்குள் புகை இருட்டாகிவிட்டது. டம்ளரைத் தவறவிட்டபோதும் கதவில் இடித்துக்கொண்டபோதும், "ரெண்டா தெரியுதுல்ல அண்ணி, அதான்" என்று அம்மாவைச் சமாளித்தாள். நானும் கூடவே ஆமாம் போட்டேன். அன்றைக்கே டியூப் வைத்திருந்தால் கண் பிழைத்திருக்கலாம். எழுத்து சொல்லிக்கொடுத்த அந்தக் குழந்தையை இன்று இழுத்துவைத்து முதுகில் நாலு சாத்து சாத்தலாம் போலிருக்கிறது.

அடுத்த முறை டாக்டர் கண்ணுக்குள் நெடுநேரம் பார்த்தார். நரம்பு வெளுத்துவிட்டது, வலது கண்ணுக்கு இனி ஒன்றும் செய்ய முடியாது என்றார். அம்மா அழுதாள். அவர் பழைய சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "போன தடவை கடைசி வரி வரைக்கும் படிச்சீங்களேம்மா?"

அந்தப் பாராட்டில் பாதி எனக்குச் சேர வேண்டியது என்று நினைத்து, நான் டாக்டரைப் பார்த்துச் சிரித்தேன்.