சேவியர் மாற்றாத நம்பர்

போன செவ்வாய்க்கிழமை எண்ணூரில் எங்கள் கன்டெய்னர் யார்டில் சேவியருக்கு மயக்கம். ராயபுரத்துக்காரர், கிரேன் ஆபரேட்டர். நல்லவேளை, கீழே இறங்கிய பிறகுதான் சாய்ந்தார். ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு, வீட்டுக்குச் சொல்ல நான் கம்ப்யூட்டரைத் திறந்தேன்.

கொஞ்சம் அலட்டலோடு சொல்கிறேன் – எங்கள் ஆபீஸ் விக்கியை ஒழுங்குபண்ணியது நான்தான். விக்கி என்றால்? டீமில் யார் வேண்டுமானாலும் எழுதலாம், திருத்தலாம் என்று கம்ப்யூட்டரில் வைத்திருக்கிற பொது நோட்டு. எட்டு மாதம் முன்பு நான் வேலைக்குச் சேர்ந்தபோது அதில் ஒரே ஆளுக்கு கேட் லிஸ்டில் ஒரு நம்பர், ஷிப்ட் லிஸ்டில் வேறு நம்பர். பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. ஆளுக்கு ஒரு பக்கம் போட்டு, பெயர், ரத்த வகை, அவசரத்துக்குக் கூப்பிட வேண்டியவர் என்று கட்டம் கட்டமாகப் பிரித்தேன். கட்டத்தில் ஒரு தடவை நிரப்பினால் போதும். கேட், ஷிப்ட் என்று ஆபீஸில் இருக்கிற ஏழு லிஸ்டும் அங்கிருந்தே எடுத்துக்கொள்ளும்.

ஓரிடத்தில் சரியென்றால் ஏழிலும் சரி... தப்பென்றால்?

சேவியரின் கட்டத்தில் ‘ஸ்டெல்லா, மனைவி’ என்றிருந்தது. நாலு தடவை அடித்தேன். மணி போகிறது, யாரும் எடுக்கவில்லை. பக்கத்து சீட் குமார் எட்டிப் பார்த்தான்.

“இன்னா மேடம், ஸ்டெல்லாக்காவுக்கா போன் போட்டுகினு கீறீங்க? அவங்க தவறி ஒரு வருசம் ஆவுது. பொண்ணு காலடிப்பேட்டைல கீது, நான் போய் இட்டாரேன்.”

சுருக்கென்றது. மூன்று மாதம் முன்புதான் என் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தப் பெயரையும் நம்பரையும் சேவியரே சொல்லி நிரப்பவைத்தார்.

வியாழக்கிழமை வேலைக்கு வந்தார். பிடித்துக்கொண்டேன். “உயிர் விஷயம் சேவியர். இதிலயா விளையாடுவீங்க?”

தலையைத் தொங்கப்போட்டார். “அவ போனுக்கு தெனமும் சார்ஜ் போட்டு வெச்சிகினு கீறேன் மேடம். இங்க மாத்துனா அவ பேரு, நம்பரு ஏழு எடத்துலயும் ஒரே செகண்டுல பூடும்னு நீங்கதான சொன்னீங்க.”

சொன்னேன்தான். பெருமையாக வேறு.

என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. அழுதுவிடக் கூடாதே என்று கீபோர்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் அடுத்த தடவை கிரேன் உச்சியில் இருக்கும்போதே மயக்கம் வந்தால்? கூப்பிட்டால் எடுக்க ஆள் வேண்டாமா? “நானா அழிக்க மாட்டேன். நீங்களே யோசிச்சு சொல்லுங்க” என்றேன்.

நேற்று மத்தியானம் வந்து உட்கார்ந்தார்.

“பேர மட்டும் மாத்துங்க மேடம். ஜெஸ்ஸி, மகள்னு போடுங்க.”

“நம்பர்?”

“அது அப்டியே இருக்கட்டும். அந்த போனை ஜெஸ்ஸி கையில குடுத்துட்டேன்.”

மாற்றினேன். நான் ஒரு சந்தேகப் பிராணி... அவர் எதிரிலேயே அந்த நம்பரை அடித்துப் பார்த்தேன். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டாள்.

சேவியர் என் கையிலிருந்து ரிசீவரை வாங்கிக்கொண்டார். நான் டீ குடிக்கப் போய்விட்டேன்.